புகாருக்கு இருநூறு வெள்ளி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் அக்கா மகனோடு பசியாறிக்கொண்டிருந்தேன். தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்தான். ‘மாமா, இதப் பாருங்க.’ அவனுக்குப் பதினேழு வயது. சனிக்கிழமைகளில் சன்வே பிரமிட் பேரங்காடிக்குள் இருக்கும் பனித்தளத்தில் ஐஸ் ஹாக்கி பழகுகிறான். இந்த வெயிலில் ஐஸ் ஹாக்கியா என்று நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் 2017 சீ விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹாக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது அதை நடத்தியதே நாம்தான், டாமான்சாரா எம்பயர் சிட்டியில். நம் ஆட்கள் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம் என்பது வேறு விஷயம்.

அவன் காட்டியது பழைய காணொளி. 2021 மே 3, நியூயார்க், மேடிசன் ஸ்குவேர் கார்டன். வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியின் டாம் வில்சன், பனியில் குப்புறக் கிடக்கும் ரேஞ்சர்ஸ் வீரர் பாவெல் புச்னேவிச்சைக் குத்துகிறார். தடுக்க வந்த ஆர்டெமி பனாரினைத் தலைக்கவசம் இல்லாத நிலையில் பிடித்துப் பனியில் அறைகிறார். பனாரினுக்கு அந்தப் பருவம் அதோடு முடிந்தது. என்.எச்.எல். லீக் வில்சனுக்கு விதித்தது 5,000 டாலர் அபராதம், தடை கிடையாது. மறுநாள் ரேஞ்சர்ஸ் நிர்வாகம், இது கடமை தவறிய செயல், ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவின் தலைவர் அந்தப் பதவிக்கே தகுதியற்றவர் என்று அறிக்கை விட்டது. அந்த அறிக்கைக்கு லீக் விதித்த அபராதம் 250,000 டாலர்.

‘அடிச்சதுக்கு அஞ்சாயிரம். அடிச்சவன விட்டுட்டீங்களேன்னு சொன்னதுக்கு ரெண்டு லட்சத்து அம்பதாயிரம். அப்ப அடிக்கிறதுதான மாமா மலிவு?’

தோசை ஆறும்வரை என்னிடம் பதில் இல்லை.

கணக்கை நேர்மையாகப் பார்க்க வேண்டும். முதல் அபராதம் ஒரு வீரருக்கு, இரண்டாவது பணக்காரக் கழகத்துக்கு. வீரர்களோடு செய்த ஒப்பந்தப்படி அன்று லீக் விதிக்கக்கூடிய உச்ச அபராதமே அந்த 5,000தான். அதற்கு மேல் போவதென்றால் தடை விதித்திருக்க வேண்டும், விதிக்கவில்லை. இதே வில்சனுக்கு அதே ஆண்டு மார்ச்சில் வேறொரு மோதலுக்காக 7 ஆட்டத் தடை. 2018இல் 20 ஆட்டத் தடை. அதை நடுவர் மன்றம் 14ஆகக் குறைத்தபோது மனிதர் ஏற்கனவே 16 ஆட்டம் வெளியே உட்கார்ந்துவிட்டிருந்தார். இருபது, பதினான்கு, ஏழு, பூஜ்யம். ஒவ்வொரு எண்ணுக்கும் விளக்கம் இருக்கும். களத்தில் நிற்கும் பையன் விளக்கத்தைப் படிப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறான்.

மே 5 அன்று அதே அரங்கில் அதே இரண்டு அணிகள் மீண்டும் மோதின. ரப்பர் வட்டு கீழே விழுந்த முதல் நொடியிலேயே கையுறைகளைக் கழற்றி வீசினார்கள், மூன்று ஜோடி. முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆறு சண்டை. அந்த இரவின் முடிவில் ஒரு வீரருக்கு ஓர் ஆட்டத் தடை கிடைத்தது. யாருக்கு? எதிரணி வீரரை மட்டையால் தாக்கியதற்காகப் புச்னேவிச்சுக்கு. முந்தாநாள் குப்புறக் கிடந்து குத்து வாங்கியவருக்கு.

திடலில் பந்து உதைத்த எவருக்கும் இது புதிதல்ல. நடுவர் கண்ணில் படுவது எப்போதும் இரண்டாவது அடி. முதல் அடி விழும்போது அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் கேட்டுத் திரும்பும்போது கை ஓங்கியிருப்பவன் நீயாக இருப்பாய். ‘அவன் செஞ்சத பாக்கல, நான் செஞ்சது மட்டும் தெரியுதா?’ நம் தாமான் திடல்களில் அதிகம் கேட்ட வசனம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஐஸ் ஹாக்கியில் இதற்கு ஒரு தத்துவமே வைத்திருக்கிறார்கள். எழுதாத சட்டம் என்பார்கள். நம் ஆளை எவனாவது தவறாக இடித்தால் நம் அணியின் அடியாள் போய்க் கணக்குத் தீர்ப்பான். இதனால் எல்லோரும் அடங்கி ஆடுவார்கள். நடுவரைவிட இது வேகமானது, நியாயமானது. ரேஞ்சர்ஸ் குறை சொன்ன ஒழுங்குப் பிரிவுத் தலைவர் ஜோர்ஜ் பாரோஸ் தம் ஆட்டக் காலத்தில் அப்படிப்பட்ட அடியாள்களில் ஒருவர் என்பது சின்ன வேடிக்கை. எனக்கு இந்தத் தத்துவத்தின் மேல் ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. அதை இழந்தது ஸ்டீவ் மூர் கதையைப் படித்த பிறகு.

2004 பிப்ரவரி 16. கொலராடோ அணியின் மூர், வான்கூவர் அணித்தலைவர் மார்கஸ் நாஸ்லண்டைத் தலையில் இடித்தார். நாஸ்லண்டுக்கு மூளை அதிர்ச்சி. களத்தில் தண்டனை இல்லை; லீக்கும் அது விதிக்கு உட்பட்டதே என்றது. வான்கூவர் ஆட்கள் பழி தீர்ப்போம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். மார்ச் 8 அன்று வான்கூவரில் ஆட்டம். மூர் முதல் பகுதியிலேயே மேட் குக் என்ற வான்கூவர் வீரரோடு கைகலந்தார். எழுதாத சட்டப்படி கடன் அங்கே அடைந்துவிட்டது. அழைத்தார்கள், நின்றார், வாங்கினார், கொடுத்தார். ஆனால் மூன்றாம் பகுதியில், வான்கூவர் 8-2 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, டோட் பெர்டூஸி பின்னாலிருந்து குத்தி மூரைப் பனியில் சாய்த்தார். மூரின் கழுத்தெலும்புகள் மூன்று முறிந்தன. அவர் பிறகு என்.எச்.எல்.லில் ஆடவே இல்லை. பெர்டூஸி 20 ஆட்டங்கள் வெளியே இருந்தார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேர சமூக சேவையும் பெற்றார். 2006இல் கனடாவுக்காக ஒலிம்பிக்கில் ஆடினார். மூர் போட்ட வழக்கு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது.

பழிவாங்குவதில் எனக்குத் தெரியும் சிக்கல் அதன் கொடூரம்கூட இல்லை. கடன் அடைந்தது என்று ரசீது தருவதற்கு அங்கே ஆள் இல்லை. குக் வாங்கிக்கொண்டார். பெர்டூஸிக்கு அது வரவில்லை. இருபது பேர் கடன் கொடுத்தவர்களாக நிற்கும்போது யாருக்குத் திருப்பிக் கட்டுவது?

இன்னொன்று. பிப்ரவரி 16க்கும் மார்ச் 8க்கும் இடையே, மார்ச் 3 அன்று, இதே அணிகள் டென்வரில் ஓர் ஆட்டம் ஆடின. ஒன்றும் நடக்கவில்லை. அன்று லீக் ஆணையர் கேரி பெட்மன் அரங்கில் உட்கார்ந்திருந்தார். வீரர்களின் ரத்தம் கொதிக்கிறது, அடக்க முடியாது என்பார்களே, தீர்ப்புச் சொல்லக்கூடியவர் பார்த்துக்கொண்டிருந்தால் கொதிப்பு அடங்கத்தான் செய்கிறது. ஐந்து நாள் கழித்து அவர் இல்லாத ஊரில் மீண்டும் கொதித்தது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஹர்பஜன் சிங் நினைவுக்கு வருவார். 2008 ஜனவரியில் சிட்னியில் சைமண்ட்ஸ் விவகாரத்தில் 3 டெஸ்ட் தடை. இந்திய வாரியம் முறைத்தது. மேல்முறையீட்டில் அது பாதிச் சம்பள அபராதமாகச் சுருங்கியது. ஹர்பஜனின் பழைய குற்றங்களின் முழுப் பட்டியல் தம் முன் வைக்கப்படவில்லை, தெரிந்திருந்தால் தண்டனை கூடியிருக்கும் என்று விசாரித்த நீதிபதியே பிறகு சொன்னார். ஏப்ரலில் மொஹாலியில் ஸ்ரீசாந்தின் கன்னத்தில் அறை. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் தடவை நாமெல்லாம் கைதட்டினோம் என்பதை மட்டும் மறக்கவில்லை.

இப்படிப் பேசினால் உடனே யாராவது இன்னா செய்தார்க்கும் நன்மை செய்யச் சொன்ன குறளை எடுத்து நீட்டுவார்கள். எனக்கும் பள்ளியில் நீட்டினார்கள், கன்னம் வீங்கிய நிலையில். அது அடிபட்டவனுக்குச் சொன்னது. நடுவு நிலைமைக்கும் செங்கோன்மைக்கும் வள்ளுவர் தனி அதிகாரங்கள் எழுதியிருக்கிறார்; அவற்றை ஏன் தலைமையாசிரியரிடம் யாரும் நீட்டவில்லை? கண்ணகி எடுத்தவுடனே மதுரையை எரிக்கவில்லை. முதலில் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போனாள். வாயிற்காவலன் உள்ளே விட்டான், மன்னன் கேட்டான், தன் பிழையை ஒப்புக்கொண்டு உயிரையும் விட்டான். அப்படியும் ஊர் எரிந்தது. கேட்கும் அரசன் இருந்த ஊரிலேயே இந்தக் கதி என்றால், புகார் சொன்ன வாய்க்கு இரண்டரை லட்சம் அபராதம் போடும் ஊரில் என்ன எதிர்பார்ப்பது?

அதனால் அக்கா மகனின் கணக்கு தப்பில்லை, அடிதான் மலிவு. மலிவாக வைத்திருக்கிறார்கள். அடிக்கு ஓர் உடம்பு விலை கொடுக்கிறது, அமைப்புக்கு ஒரு காசு செலவில்லை. புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியது அமைப்பு. அதனால் அதற்கு விலை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இதை நான் நியூயார்க்கில் கற்றுக்கொள்ளவில்லை. 1993இல் கிள்ளான், பண்டமாரானில் ஓர் எழுவர் காற்பந்துப் போட்டி. எங்கள் முன்னணி ஆட்டக்காரன் கீழே விழுந்து கிடந்தபோது எதிரணிக்காரன் ஒருவன் அவன் கணுக்காலை மிதித்துவிட்டுப் போனான். நடுவர் பார்க்கவில்லை. இடைவேளையில் எங்கள் அணி மேலாளர் ஏற்பாட்டாளர்களின் கூடாரத்துக்குப் போனார். எழுத்து மூலம் கொடுங்க அண்ணே, கூடவே 200 வெள்ளி கட்டணும், புகார் எடுபடலன்னா காசு திரும்ப வராது என்றார்கள். எல்லாப் போட்டியிலும் உள்ள விதிதான். எங்களிடம் மொத்தமே பஸ் காசு போக 40 வெள்ளி இருந்தது. மேலாளர் திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கினார். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நான் முழங்கையால் ஒருவன் வாயில் அடித்தேன். இரண்டு பற்கள். சிவப்பு அட்டை. இலவசம்.

இதைச் சொன்னபோது அக்கா மகன் கைப்பேசியை மடக்கி வைத்துவிட்டான்.

‘மிதிச்சவன் அவன்தானே மாமா?’

பச்சைச் சட்டை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும் என்றேன்.