துக்கம் நடந்த ஊரில் உல்லாசப் பிரயாணம்



சனிக்கிழமை மத்தியானம் சிநேகிதர் பத்துப் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து, சாயல்குடி, கீழக்கரை வழியாக இராமேஸ்வரம் போய்த் தங்கி, மறுநாள் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாக வீடு திரும்புவது நம் வாலிபரிடையே வழக்கமாகிவிட்டது. அதைத் தப்பென்று நான் சொல்ல வரவில்லை. வாரம் முழுதும் துறைமுகத்திலும் உப்பளத்திலும் கடையிலும் உழைக்கிறவனுக்கு ஓய்வு வேண்டும். சிநேகிதரோடு சிரித்துப் பேசுவதும் சர்வேசுரன் தந்த நன்மைகளில் ஒன்றே. (ஞாயிறு பூசைக்குப் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கோவில் உண்டு என்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகிறேன்.) ஆனால் நம் பங்குத் தாயார் ஒருவர் என்னைக் கேட்டார்: "சுவாமி, அத்தனை பேர் செத்த இடத்திலே போய் ஆடிப்பாடிப் போட்டோ எடுத்து வருகிறார்களே, அது பாவமில்லையா?"

கேள்வி லேசானதல்ல. அந்த ஊர் என்னவாயிருந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1914-ம் வருஷம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதுமுதல் சென்னையிலிருந்து ரயிலேறினவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேருவார்கள். ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் கந்தோர், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு, பாலன் பிறப்புத் திருநாளுக்கு மூன்றே நாள் இருக்கும்போது, புயலடித்துக் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நிலையத்தை எட்டுமுன்னே அலையில் அகப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊருக்குள் மாண்டவர்கள் அதற்கும் பல மடங்கு. குடியிருக்கத் தகாத இடமென்று சர்க்கார் அறிவித்துவிட்டது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு, முன்பு மணலில் தள்ளாடிப் போன பிரயாணம் இப்பொழுது காரிலும் வேனிலும் நடக்கிறது.

பெரியவர்கள் சிலர் அங்கே போகவே கூடாது என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. போகாமலிருந்தால் மறந்துபோவோம், அவ்வளவுதான். கல்லறைத் திருநாளன்று நம் சிறுபிள்ளைகள் மெழுகுதிரிகளுக்கிடையே ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். மரித்தவர்களுக்கு அதனால் அவமானம் உண்டாயிற்றென்று யார் சொல்வார்? சிரிப்பு அல்ல குற்றம்.

பின் எது குற்றம்? அர்ச். அகுஸ்தீன் தமது சுயசரிதையில் ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார். சிதைந்து கிடக்கும் பிணத்தைக் கண்டால் மனிதனுக்கு அருவருப்பு உண்டாகிறது. ஆனாலும் அதைப் பார்க்க ஓடுகிறான். செத்தவன்மேல் இரக்கப்பட்டு ஓடுகிறானில்லை. கண்ணுக்குத் தீனி வேண்டி ஓடுகிறான். இது நம் ஊருக்கு மாத்திரம் உள்ள வியாதியுமல்ல. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் முன்னே அதிமேற்றிராணியாராயிருந்த போலந்து தேசத்துக் கிராக்கோவ் பட்டணத்துக்கு, ஐரோப்பிய வாலிபர் சனி ஞாயிறுகளில் கூட்டம் கூட்டமாய் வருகிறார்கள். பழைய கோட்டையும் கோவில்களும் பார்த்தபின், பலர் அருகிலுள்ள ஆஷ்விட்ஸ் சிறைமுகாமுக்கும் போகிறார்கள். பதினொரு லட்சம் பேர் கொலையுண்ட இடம் அது. அர்ச். மாக்சிமிலியன் கோல்பே இன்னொரு கைதிக்குப் பதிலாகத் தம் உயிரைக் கொடுத்ததும் அங்கேதான், 1941-ல். கைதிகளை ஏற்றிவந்த அந்த ரயில் தண்டவாளத்தின்மேல் கை விரித்துக் கம்பி நடந்து படமெடுத்துக் கொள்ள வேண்டாமென்று, 2019-ல் அந்தக் காட்சிச்சாலையார் பகிரங்கமாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

தனுஷ்கோடியில் கூரையில்லாமல் நிற்கும் கோவிலின் முருகைக்கல் சுவருக்குள், பலிபீடம் இருந்த பக்கமாய் நின்றுகொண்டு, தலைமுடியைச் சரிசெய்து செல்போனை நீட்டுகிறவன் கெட்டவனல்ல. அவன் எதையும் பார்க்கவில்லை, அவ்வளவே. அவன் படத்தில் அவன்தான் இருக்கிறான். கோவில் வெறும் திரை.

நமக்கு இது புரியாத காரியமல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, நம் தூத்துக்குடித் தெருக்கள் நாட்கணக்காய்த் தண்ணீரில் கிடந்ததை யார் மறப்பார்? செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த ஏறத்தாழ 800 பேர் ஸ்ரீவைகுண்டத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போயிருந்தது. வண்டியை நிலையத்திலேயே நிறுத்திவைத்ததால் அவர்கள் பிழைத்தார்கள். பக்கத்துக் கிராமத்தார் தங்கள் வீட்டுத் தண்ணீரையும் பாராமல் அவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். அந்த நாட்களில் நம் தெருவுக்கு இரண்டு விதமான ஆட்கள் வந்தார்கள். ரொட்டியும் பால் பாக்கெட்டும் சுமந்து வந்தவர்கள் ஒருவிதம். மேட்டில் நின்று, மிதக்கும் நம் பாத்திரம் பண்டங்களைப் படம் பிடித்துப் போனவர்கள் இன்னொருவிதம். அவர்கள் ஒரு பொருளையும் நம்மிடமிருந்து எடுத்துப் போகவில்லை. இருந்தும் ஏதோ பறிபோனதாக நமக்குப் பட்டதே, அது என்ன?

அதையே தனுஷ்கோடியாரும் கேட்கலாம். ஏனெனில் அங்கே ஆள் இல்லையென்று நினைக்கிறோம், உண்டு. மீன்பிடிக் குடும்பங்கள் இன்னும் ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள். சாயங்காலமானால் பிரயாணிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் அங்கேயே இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் சாலையோரத்தில் சங்கும் சிப்பி மாலையும் வைத்து விற்கிறவர்கள்.

ஆகையால் அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இவ்வளவே: பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். புறப்படுமுன் அந்த இரவின் கதையை அவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள். இடிந்த கோவிலுக்குள் நுழையும்போது உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமங்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லட்டும். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகாது. பிறகு கடலில் குளித்துச் சந்தோஷமாயிருக்கட்டும். சிப்பி மாலைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அந்தப் பெண்ணிடம் வாதாட வேண்டாம். "அக்கா, அந்தப் புயலின்போது உங்கள் வீட்டார் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்கட்டும். அவள் சொல்லத் தொடங்கினால், வேன் டிரைவர் எத்தனை தடவை ஹாரன் அடித்தாலும் நின்று கேட்டுவிட்டு வரட்டும்.