பொன்னேரியில் கங்கை

ஜெயங்கொண்டத்தில் புவியியல் வாத்தியாராக இருந்தவன் நான். 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான பிலிப்பஸ் பால்டேயஸின் நூலிலுள்ள சோழமண்டல, மலபார் வரைபடத்தை இன்றும் ஆசையாகப் பார்க்கிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த டச்சுப் பாதிரியார். நம் தெய்வங்களைப் பற்றியும் அந்நூலில் விரிவாக எழுதினார், விக்கிரக வழிபாடு என்று தலைப்பிட்டு. வரைபடத்துக்குப் பழகிய கண்ணுக்குக் கருவறை பிடிபடுமா?

கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் கங்கை நீரை ஊற்றிய சோழகங்கம் ஏரிதான் இன்றைய பொன்னேரி. கங்கை வடக்கே ஓடுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் அம்மாவோ ஏரித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு “கங்கா மாதா” என்பாள். அதை அறியாமை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சிவன் எங்கும் நிறைந்தவன் என்றால் அவனுக்கு அட்சரேகை எதற்கு? ஆனாலும் அவனைக் கும்பிட ஓர் இடம் வேண்டியிருக்கிறதே, அது ஏன்?