யதார்த்தமும் போர்விளையாட்டும்: ஓர் அறவியல் நோக்கு

போரைப் போலச் செய்து மகிழ்தல் மனிதகுலத்துக்குப் புதியதொன்றன்று. சதுரங்கப் பலகையிலே யானையும் குதிரையும் காலாளும் அணிவகுத்து நின்றன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரசிய நாட்டுப் படையதிகாரிகள் தரைப்படத்தின் மீது சிறு கட்டைகளை நகர்த்திப் போர்க்கலை பயின்றனர். ஆயின், சதுரங்கத்தில் வெட்டுண்ட காலாளைக் கண்டு, 'இம்மரணம் மெய்யான மரணம் போல இல்லையே' என்று எவரும் குறைகூறியதில்லை. கணினித்திரையிலே தோன்றிய படைத்துறைச் சுடுவிளையாட்டுகளைப் பொறுத்தவரையிலோ அதுவே முதன்மையான குறையாக எடுத்துக் கூறப்படுகின்றது. 'யதார்த்தம்' என்பது இவ்விளையாட்டுகளில் ஈடுபடுவோர் ஓயாது கையாளும் மதிப்பீட்டுச் சொல்லாகும். அச்சொல்லால் அவர்கள் கருதுவது யாது? போரை உள்ளவாறு காட்டுதல் என்பது எதனைக் காட்டுவது? இவ்வினாக்கள் விளையாட்டைப் பற்றியன போலத் தோன்றினும், உண்மையில் கலைக்கும் அறத்துக்குமுள்ள உறவு பற்றியனவாகும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 2001ஆம் ஆண்டிலே செக் நாட்டைச் சேர்ந்த பொஹீமியா இன்ரறாக்ரிவ் நிறுவனம் ஆக்கி, பிரித்தானியாவைச் சேர்ந்த கோட்மாஸ்ரேர்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஒப்பறேஷன் பிளாஷ்பொயின்ற்' என்னும் விளையாட்டு அது. 1985ஆம் ஆண்டிலே, கற்பனைத் தீவுகள் சிலவற்றில், அமெரிக்கப் படையினருக்கும் கலகக்காரச் சோவியத் தளபதி ஒருவனின் படையினருக்கும் இடையே நிகழும் மோதலே அதன் பொருள். அதற்கு முந்திய சுடுவிளையாட்டுகள் பலவற்றிலே கதாநாயகன் பல குண்டுகளை மார்பில் ஏற்றபின்னும் மருந்துப்பெட்டி ஒன்றைத் தொட்டவுடன் நலம்பெற்று எழுந்தோடுவான். இவ்விளையாட்டிலோ எங்கிருந்து வந்ததென்று அறியமுடியாத ஒற்றை ரவை எல்லாவற்றையும் முடித்துவிடும். நெடுந்தூரம் நடந்து, பற்றைக்குள் ஊர்ந்து, பகைவனின் முகத்தையே காணாது இறந்துபோதல் இங்கு சாதாரண நிகழ்ச்சி. ஆடுபவன் தன் முன்னேற்றத்தைத் தானாகப் பதிவுசெய்துகொள்வதற்கும் ஒவ்வொரு நடவடிக்கையிலும் ஒரே ஒரு வாய்ப்பே அளிக்கப்பட்டது. மொன்ரின்யாக் என்னும் ஊரைக் கைப்பற்றச் சென்ற படை தோற்றுச் சிதற, ஆடுபவன் தனியனாய்க் காட்டினூடே தப்பியோடும் பகுதி இன்றும் பலரால் நினைவுகூரப்படுகின்றது. வெற்றியையே வழங்கிப் பழகிய ஊடகமொன்று தோல்வியின் அச்சத்தை உணர்த்தியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பின்னர் ஆக்கியோரும் வெளியிட்டோரும் பிரிந்தனர். பெயர் வெளியிட்டோர் வசமாயிற்று. அதனை உருவாக்கிய கைகளோ மறுபக்கத்தில் நின்றன. இதன் விளைவாக 2009ஆம் ஆண்டிலே ஒரே விளையாட்டுக்கு இரண்டு வாரிசுகள் தோன்றின. பொஹீமியா நிறுவனம், தனது 'ஆர்மா' வரிசையின் இரண்டாவது பகுதியாக, சோவியத் ஒன்றியத்தின் சிதைவிலே தோன்றியதாகக் கற்பிக்கப்பட்ட சேர்னாறஸ் என்னும் நாட்டின் உள்நாட்டுப் போரை எடுத்துக்கொண்டது. கோட்மாஸ்ரேர்ஸ் நிறுவனம் பழைய பெயருடனேயே 'ட்றாகன் றைசிங்' என்பதை வெளியிட்டது. எண்ணெய் வளம் கொண்ட ஸ்கீரா என்னும் தீவின் பொருட்டுச் சீனப் படையும் அமெரிக்கப் படையும் பொருதுவதாக அது அமைந்தது.

எது உண்மையான தொடர்ச்சி என்பதில் ஆடுவோரிடையே கடுமையான கருத்து வேற்றுமை எழுந்தது. ஒரு சாரார், ட்றாகன் றைசிங் பெயரை மட்டுமே சுமந்து வந்ததென்றும், பரந்த நிலத்தில் ஆடுபவனுக்கிருந்த சுதந்திரத்தைக் குறுக்கி அவனைக் கைபிடித்து அழைத்துச் செல்கின்றதென்றும், காயத்தின் கனம் குறைந்துவிட்டதென்றும் சாடினர். வேறொரு சாரார், ஆர்மா 2 யதார்த்தத்தை நாடியதாயினும் பிழைகள் மலிந்து, இயக்குவதற்கு இடர்ப்பாடாய் நின்றதென்றும், ஆடமுடியாத யதார்த்தத்தால் பயனில்லையென்றும் வாதிட்டனர். விளையாட்டின் நோக்கம் இன்பமே. யதார்த்தம் அதற்கொரு கருவி மட்டுமே என்போரும் இருந்தனர். இவர்கள் தம்முள் முரண்பட்டாராயினும் யதார்த்தம் என்பதன் பொருளில் பெரிதும் உடன்பட்டிருந்தனர். ரவை காற்றிலே செல்லும் வளைவு, துப்பாக்கியின் பின்னுதைப்பு, சுமையோடு ஓடுபவனின் களைப்பு, காயத்தின் விளைவு என்பனவே அவர்தம் அளவுகோல்கள்.

இக்கோரிக்கையைச் சிறுபிள்ளைத்தனமென்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. அதனடியில் ஓர் அறவுணர்வு உறைந்துள்ளது. கொல்லுதலும் கொல்லப்படுதலும் எளிதாயிருத்தல் கூடாது; உயிருக்கொரு விலை இருத்தல் வேண்டும் என்னும் உணர்வே அது. ஒற்றை ரவையால் இறக்கக்கூடியவன் அஞ்சுகின்றான்; அஞ்சுபவன் சிந்திக்கின்றான்; சிந்திப்பவன் கண்டபடி சுடுவதில்லை. நூறு குண்டுகளைத் தாங்கும் கதாநாயகனை விரும்பாது, வீழக்கூடிய மனிதனை விரும்பியோர், தாம் அறிந்தோ அறியாமலோ, வீரவழிபாட்டை மறுத்து மனித வரம்பை ஏற்றுக்கொண்டனர்.

ஆயினும் அவ்வுணர்வு பாதிவழியிலே நின்றுவிடுகின்றது. விலைமதிக்கப்படும் உயிர் யாருடையது? ஆடுபவனுடையது. அவன் இறக்கும்போது திரை இருள்கின்றது, உழைப்பு வீணாகின்றது, மனம் துணுக்குறுகின்றது. எதிரே முந்நூறு மீற்றருக்கு அப்பால் வீழும் உருவத்துக்கோ பெயரில்லை, ஊரில்லை, அதன் பொருட்டுக் காத்திருக்கும் வீடில்லை. தன் மரணத்தை மெய்யாக்குமாறு வேண்டியவன் பிறன் மரணத்தை மெய்யாக்குமாறு வேண்டினானல்லன். இந்த ஒருபக்கச் சார்பே இவ்விளையாட்டுகள் எழுப்பும் மெய்யான அறப்பிரச்சினையாகும். இவை இளைஞரை வன்முறையாளராக்குமா என்னும் பழகிய வினா, இதனை மறைத்துவிடும் ஆபத்துடையது.

ஈழத்துத் தமிழ் விமர்சனம் வளர்த்தெடுத்த வேறுபாடொன்று இவ்விடத்தில் துணைசெய்யும். க. கைலாசபதி முதலான விமர்சகர் இயற்பண்புவாதத்தையும் யதார்த்தவாதத்தையும் வேறுபடுத்திக் காட்டினர். புறத்தோற்றத்தின் நுணுக்கங்களை நிழற்படம் போலப் பதிவுசெய்தல் இயற்பண்புவாதம். அத்தோற்றத்துக்கு அடிப்படையான மனித உறவுகளையும் அவற்றின் இயக்கத்தையும் வெளிக்கொணர்தல் யதார்த்தவாதம். சேரியொன்றின் குப்பைமேட்டை அணு அணுவாக வருணிப்பவன், அங்கு மனிதர் வாழநேர்ந்தது ஏனென்று கேளாதுவிடின், உண்மையைக் கூறியவனாகான். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், ஆடுவோர் யதார்த்தம் என்று போற்றியது பெரும்பாலும் இயற்பண்பே என்பது புலனாகும். ரவையின் பாதை சரியாகக் கணிக்கப்பட்டுள்ளது. அது சென்று சேரும் இடம் கணிப்புக்கு வெளியே விடப்பட்டுள்ளது.

இந்நிலைக்குத் தக்க காரணமும் உண்டு. பொஹீமியா விளையாட்டின் தொழில்நுட்பத்திலிருந்து படைப்பயிற்சிக்கான மென்பொருளொன்றும் உருவாக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்க மரீன் படையும் அவுஸ்திரேலியப் படைத்துறையும் அதனைப் பயன்படுத்தின. படைப்பயிற்சிக்கு வேண்டிய உண்மை செயல்முறையின் உண்மை: எவ்விடத்தில் பதுங்குவது, எப்போது அசைவது, எவருக்கு அறிவிப்பது என்பன. தாயின் அழுகையும் எரிந்த வயலும் அப்பயிற்சிக்கு வேண்டப்படுவனவல்ல. எனவே ஆடுவோர் நடுநிலையான அளவுகோலென்று நம்பியது, போரிற் பங்குபற்றும் ஒருவனின், அதுவும் துப்பாக்கியைக் கையில் ஏந்தியவனின் அளவுகோலாகும். போரின் நடுவே வாழ்ந்தோர், எந்நாட்டவராயினும், வேறோர் அளவுகோலை அறிவர். அவர்க்குப் போர் என்பது பெரும்பாலும் சுடுதலன்று. காத்திருத்தலும், பதுங்குகுழியின் ஈரமும், இடப்பெயர்வும், திரும்பி வராதவரைப் பற்றிய செய்தியின்மையுமே ஆகும்.

இதற்கு வலுவான மறுப்பொன்று கூறப்படலாம். விளையாட்டு விளையாட்டே, அன்றாட வாழ்விலிருந்து பிரிக்கப்பட்ட தனி வட்டம் அதற்குண்டு என ஒல்லாந்து அறிஞர் ஹொய்சிங்கா 1938இல் எழுதிய நூலில் விளக்கினார். அவ்வட்டத்துள் துயரம் முழுவதையும் கொணர்ந்தால் விளையாட்டு அழியும். அன்றியும், பிறர் துயரத்தைப் பொழுதுபோக்காக்குதல் அதனினும் பெரிய இழிவாகாதோ? இம்மறுப்பு பொருட்படுத்தத்தக்கதே. எல்லாவற்றையும் காட்டவேண்டுமென எக்கலையையும் கேட்க இயலாது. சதுரங்கம் எதையும் காட்டுவதில்லை. ஆயின் அது தன்னை யதார்த்தமென்று கூறிக்கொள்வதுமில்லை. விலக்குதல் குற்றமன்று, விலக்கியதை மறந்து எஞ்சியதை முழுமையென்று கொள்ளுதலே குற்றம். யதார்த்தம் என்னும் பெயரைக் கோருகின்ற படைப்பு, அப்பெயருக்குரிய கடனையும் ஏற்கவேண்டும்.

தமிழிலக்கிய மரபு இங்கு நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியர் புறத்திணையை வகுத்தபோது ஆநிரை கவர்தலையும் மதில் வளைத்தலையும் களவென்றியையும் மட்டும் கூறி அமைந்தாரல்லர். நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சித்திணைக்கும் இடம் வைத்தார். மனைவியை இழந்தவன் நிலையையும் கணவனை இழந்தவள் நோன்பையும் அதன் துறைகளாக்கினார். அம்மரபு போரைப் பழித்த மரபன்று. வீரத்தை மிகவும் புகழ்ந்ததே. எனினும் போர் பற்றிய பேச்சு இழப்பைப் பேசாது நிறைவுறாது என்பதை அதன் இலக்கணமே ஏற்றுக்கொண்டது. இவ்விலக்கணத்தில் நுண்ணிய ஆயுத வருணனைக்கு இல்லாத யதார்த்தம் அமைந்திருந்தது எனல் மிகையாகாது.

இக்குறை நிரப்பமுடியாததன்று என்பதற்குப் பொஹீமியா நிறுவனத்தின் பிற்காலப் படைப்பே சான்றாகும். 2013இல் வெளிவந்த 'ஆர்மா 3'க்கு 2017ஆம் ஆண்டில், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஒத்துழைப்புடன், போர்ச் சட்டங்களைப் பொருளாகக் கொண்ட இணைப்பொன்று சேர்க்கப்பட்டது. அதிலே ஆடுபவன் போர்வீரனல்லன். போர் ஓய்ந்தபின் சிற்றூரொன்றில் கண்ணிவெடியும் கொத்தணிக் குண்டின் எச்சங்களும் அகற்ற வந்த தொண்டுநிறுவன ஊழியன். அவ்வூரிலே முன்னர் நிகழ்ந்தவை வெவ்வேறு பக்கத்தாரின் கண்கொண்டு மீளக் காட்டப்படுகின்றன. முன்னைய ஆக்கங்களிலும் அறத்துக்கு ஒருவகை இடமிருந்தது. தன் தோழரையோ பொதுமக்களையோ கொன்றவனின் மதிப்பெண் தாழ்ந்து, ஓர் எல்லையைக் கடந்தவுடன், அவன் படையே அவனைப் பகைவனாகக் கருதிச் சுடும். அது கணக்கினாலான அறம். 2017இன் இணைப்போ தண்டனையை விடுத்து விளைவைக் காட்டியது. அதே நிலம், அதே ஆயுதம், அதே நுணுக்கம். பார்வை நின்ற இடமே மாறியது. யதார்த்தம் நுணுக்கத்தின் அளவிலன்று, நோக்கு நிற்குமிடத்திலே தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தோற்றத்தின் மெய்ம்மை தனித்து வளர்ந்தால் நேரக்கூடியது யாது என்பதையும் அதே விளையாட்டு உணர்த்தியது. ஆர்மா 3இன் காட்சிகள் உக்ரேனிலும் பிற இடங்களிலும் நிகழ்ந்த மெய்யான போர்களின் படங்களாகப் பரப்பப்பட்டன. 2022 நவம்பரில் அந்நிறுவனமே முன்வந்து, அத்தகைய போலிகளை இனங்காண்பது எவ்வாறென விளக்கவேண்டியதாயிற்று. விளையாட்டு மெய்போல ஆகவேண்டும் என்பது ஆடுவோரின் வேட்கையாய் இருந்தது. அது நிறைவேறியபோது, மெய்யான போரும் விளையாட்டுப் போலப் பார்க்கப்படும் நிலை உருவாயிற்று. உண்மையான படத்தைக் கண்டும், 'இது விளையாட்டாயிருக்கலாம்' என்று கடந்துசெல்ல இயலுமாயின், அதனால் இழப்படைவோர் ஆடுவோரல்லர். அப்படத்திலே வீழ்ந்து கிடப்போரே.

எனவே, எந்தத் தொடர்ச்சி உண்மையானது என்னும் பழைய வாதத்துக்கு வேறொரு விடையும் உண்டு. 2001இன் விளையாட்டைப் போற்றியோர் அதிலே கண்டு வியந்தது துப்பாக்கியின் நுணுக்கத்தை மட்டுமன்று. தான் வீழக்கூடியவன் என்னும் அறிவையுமாகும். அவ்வறிவின் நேரான தொடர்ச்சி, எதிரே நிற்பவனும் அவ்வாறே வீழக்கூடியவன் என்னும் அறிவாகும். பெயரைப் பெற்ற வாரிசு, தொழில்நுட்பத்தைப் பெற்ற வாரிசு என்னும் இரண்டிலும், அவ்வறிவை ஓரடியேனும் முன்னெடுத்துச் செல்வது எதுவோ அதுவே அதன் மெய்யான வழித்தோன்றலாகும். அவ்வாறு முன்னெடுத்துச் செல்லுமாறு கேட்பது ஆக்குவோரின் கடமை மட்டுமன்று. ரவையின் வளைவு சற்றுப் பிழைத்தாலும் பொறுக்காத ஆடுவோர், அந்த ரவை சென்று சேர்ந்த இடத்தைப் பற்றியும் அதே கண்டிப்புடன் வினவத் தொடங்குவாராயின், யதார்த்தம் என்னும் சொல் அவர் வாயில் தன் முழுப்பொருளையும் பெறும்.