பூட்டிய வீட்டில் ஒரு வாயில்லா ஜீவன்



ஒரு பெண் பூனையொன்றை அடைத்து வைத்தாள். தானும் அதற்குத் தீனி போடவில்லை, தண்ணீர் வைக்கவில்லை. அது வெளியே சென்று புழு பூச்சிகளைத் தேடித் தின்னவும் விடவில்லை. அது செத்தது, அதன் காரணமாக அவள் வேதனைக்கு ஆளானாள் என்னும் செய்தியை நாம் அனைவரும் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி), அபூஹுரைரா (ரலி) ஆகியோர் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியிருக்கும் ஹதீஸ் இது. சூரிய கிரகணத் தொழுகையின்போது நரகம் தமக்குக் காட்டப்பட்டதாகவும், அங்கே ஒரு பூனை அந்தப் பெண்ணைப் பிறாண்டிக் கொண்டிருந்ததைக் கண்டதாகவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள் என்று அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. அவள் இறைமறுப்பாளராக இருந்திருக்கலாம் என்று சில பெரியார்கள் கருதியதுண்டு. இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ அவள் முஸ்லிமே என்றும், அந்தப் பூனையின் காரணமாகவே தண்டிக்கப்பட்டாள் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

கேட்டுக் கேட்டுப் பழகிய ஹதீஸ். "நாம் எங்கே பூனையைக் கட்டிப் போட்டோம்?" என்று நினைத்து நகர்ந்து விடுகிறோம். அவள் செய்த குற்றம் என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவள் அதை அடித்ததாக வரவில்லை; சூடு போட்டதாக வரவில்லை. கதவு மூடியிருந்தது, அவள் திறக்கவில்லை. அவ்வளவுதான்! உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று தெரிந்தும் திறக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், ஆடிக் கிருத்திகைக்குச் சில நாட்கள் முன்பு நம் திருத்தணியில் எழுந்த ஒரு மஸ்அலா. மஹல்லாவில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரர் வீட்டில் ஒரு பூனை வளர்கிறது. வளர்கிறது என்றால், இரண்டு வேளை அவர்கள் வீட்டில் தின்னும். மற்ற நேரமெல்லாம் தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கூரையும் அதற்குச் சொந்தம். இரண்டு நாளாக அதைக் காணவில்லை. அவருடைய சிறிய மகள் அழுது கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் இஷாவுக்குப் பிறகு தெரு அடங்கிய வேளையில், இரண்டு வீடு தள்ளியிருந்த பூட்டிய வீட்டிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. சமையலறைப் புகைப்போக்கி வழியாக உள்ளே குதித்த பூனைக்குத் திரும்ப ஏற வழி தெரியவில்லை போலும். வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு வெளியூர் சென்று நான்கு நாள் ஆகியிருந்தது.

அந்த வீட்டுக்காரர் மாற்று மதச் சகோதரர். போதாததற்கு, முன்பு சாக்கடைத் தண்ணீர் விஷயமாக இரு வீட்டாருக்கும் வாய்ச்சண்டை நடந்து பேச்சு வார்த்தை நின்று போயிருந்தது. "பூட்டை உடைப்போம்" என்றார்கள் இளைஞர்கள். "பூனைக்காகப் பூட்டை உடைத்தோம் என்றால் யார் நம்புவார்கள்? நாளை ஒரு பொருள் காணாமல் போனால் பழி யார் தலையில்?" என்றார்கள் பெரியவர்கள். "பூனைதானே, விடுங்கள்" என்றவர்களும் உண்டு. தையற்காரர் பள்ளிவாசலுக்கு வந்து, "ஹழ்ரத், நுழையலாமா கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

பெரியவர்களின் அச்சத்தை அற்பமென்று தள்ள முடியாது. நம் மார்க்கத்தில் வீடு என்பது சாதாரண விஷயமன்று. அன்னியர் வீட்டில் அனுமதி பெற்று ஸலாம் கூறாமல் நுழையக் கூடாது என்று ஸூரத்துந் நூரின் 27ஆம் வசனம் தடுக்கிறது. அடுத்த வசனம் இன்னும் நெருக்கமாக நம் மஸ்அலாவைத் தொடுகிறது: உள்ளே ஒருவருமே இல்லாவிட்டாலும் அனுமதி கிடைக்கும் வரை நுழையாதீர்கள் என்கிறது. ஆளில்லாத வீடு அவிழ்த்துவிட்ட வீடு ஆகாது. 29ஆம் வசனத்தில் குடியிருப்பு இல்லாத, நமக்குப் பயனுள்ள பொருள் இருக்கும் இடங்களில் நுழைவது குற்றமில்லை என்று வருகிறதே என்று சிலர் கேட்கலாம். அது வழிப்போக்கர் சத்திரம், பாழடைந்த கட்டிடம் போன்றவற்றைக் குறிப்பதாக விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். நான்கு நாள் பூட்டிக் கிடக்கும் குடும்ப வீட்டை அந்தக் கணக்கில் சேர்க்க இயலாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டமே பார்வைக்காகத்தான் விதிக்கப்பட்டது என்ற பொருளில் அவர்கள் கண்டித்ததை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்ப்பதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

பூனைக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை! அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய மருமகள் கப்ஷா (ரலி) தண்ணீர் வைத்தார்கள். ஒரு பூனை வந்தது. அபூகதாதா (ரலி) பாத்திரத்தைச் சாய்த்து அதற்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மருமகள் வியப்புடன் பார்க்கவே, பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். 'சுற்றி வருபவர்கள்' என்ற அதே சொல், அதே ஸூரத்துந் நூரின் 58ஆம் வசனத்தில் வீட்டுப் பணியாளர்களையும் சிறு பிள்ளைகளையும் குறித்து வருகிறது. மூன்று நேரங்கள் தவிர ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் கட்டாயம் இல்லாதவர்கள் அவர்கள். வீடு வீடாகத் திரிவது பூனையின் குற்றமன்று, அதன் இயல்பு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "ஏன் அவிழ்த்து விட்டாய், கட்டி வளர்க்கக் கூடாதா?" என்று அந்தச் சிறுமியைக் கடிந்து கொண்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

சரி, வீட்டின் கண்ணியம் ஒருபுறம், உள்ளே தவிக்கும் உயிர் மறுபுறம். எதைப் பார்ப்பது?

நம் ஃபுகஹாக்கள் வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. உளூவுக்கு மட்டுமே போதுமான தண்ணீர் இருக்கிறது, பக்கத்தில் கொல்ல அனுமதியில்லாத பிராணி ஒன்று தாகத்தால் தவிக்கிறது என்றால், தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும். தொழுகையின் தண்ணீரே பிராணிக்காக விலகிக் கொள்கிறது! நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொரு சட்டமும் ஷாஃபிஈ நூல்களில் உண்டு. ஒருவருடைய பிராணி பசியால் சாகும் நிலையில் இருக்கிறது. தீவனம் வேறொருவரிடம் மட்டுமே உள்ளது, அவர் விற்க மறுக்கிறார். அப்போது பலவந்தமாகவேனும் அந்தத் தீவனத்தை எடுத்துப் போட்டுவிட்டு ஈட்டுத்தொகை கொடுத்துவிட வேண்டும். பிராணியின் காயத்தைத் தைக்க நூல் தேவைப்பட்டாலும் அவ்வாறே. பிறர் தீவனத்துக்கு இச்சட்டம் என்றால், பிறர் பூட்டுக்கும் இதையே வைத்துப் பார்க்கலாம் அல்லவா?

ஆனால் 'ஈட்டுத்தொகை கொடுத்து' என்ற வார்த்தையை நம்மவர்கள் எளிதாக விழுங்கி விடுகிறார்கள். நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்ற விதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நிர்ப்பந்தம் அடுத்தவர் உரிமையை ரத்துச் செய்யாது என்ற விதியைச் சொல்பவர் குறைவு. உஸ்மானியப் பேரரசின் சட்டத் தொகுப்பான மஜல்லாவின் 33ஆவது விதி இது. பசியால் பிறர் ரொட்டியை எடுத்துத் தின்றவன் பிறகு அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே உதாரணமும் தரப்பட்டுள்ளது. நிர்ப்பந்தத்தின் அளவு எதுவோ அந்த அளவுதான் அனுமதி என்பதும் அதோடு சேர்ந்த விதி. சாவி கிடைக்குமானால் பூட்டை உடைக்கக் கூடாது. பூட்டோடு போகுமானால் கதவைப் பெயர்க்கக் கூடாது. சமையலறையில் பூனை இருந்தால் படுக்கையறைப் பக்கம் போகக் கூடாது.

ஆகவே தையற்காரரிடம் நாம் சொன்னது இதுதான். முதலில் வீட்டுக்காரரைத் தேடுங்கள். இரவானாலும் தேடுங்கள். பேச்சு வார்த்தை இல்லை என்பது ஒரு காரணமே அல்ல. அவர் சம்மதித்தால் அவருடைய ஆளை முன்னால் நிறுத்தித் திறங்கள். கிடைக்கவே இல்லை, உயிர் போகும் நிலை என்றால், தெருவில் இரு மதத்திலும் நம்பிக்கையான பெரியவர்களைச் சாட்சி வைத்து, தீயணைப்பு மீட்புப் பணி நிலையத்துக்கு 101இல் சொல்லி, அவர்கள் கையால் திறக்கச் செய்யுங்கள். செலவு உங்களுடையது. வீட்டுக்காரர் மேல் பாவம் உண்டா என்று ஒருவர் கேட்டார். பூனை உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. தெரியாதவர் மேல் என்ன பாவம்? குரல் நம் காதில் அல்லவா விழுந்தது! தெருவில் அதைக் கேட்டவர்கள் ஒருவர்கூட "எனக்கென்ன" என்று பாயை விரித்துப் படுக்க இயலாது.

வீட்டுக்காரரின் நம்பர் யாரிடமும் இல்லை. கடைசியில் பால்காரரிடம் இருந்தது. நகரிப் பக்கத்திலிருந்து பால் கொண்டு வரும் அவர் தெலுங்கில் பேசி விவரம் சொன்ன பிறகே அந்தப் பக்கத்துக்கு நம்பிக்கை வந்தது. 1960 ஏப்ரல் முதல் தேதி ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் இது. தெருவுக்கு இரண்டு மொழி இருப்பது இப்படியும் உதவுகிறது! "என் அண்ணன் அரக்கோணத்தில் இருக்கிறார், முதல் ரயிலில் அனுப்புகிறேன், பூட்டை உடைத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். சண்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை.

மறுநாள் காலை அண்ணன் முன்னிலையில் பூட்டுத் திறக்கப்பட்டது. தெருவே கூடி நின்று ஆளுக்கொரு குரலாகக் கூப்பிட்டார்கள். பூனை வருமா? அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே இன்னும் உள்ளே ஒடுங்கியது. பயந்த பூனை சத்தமே காட்டாது. பகல் இரைச்சலில் இரண்டு நாளாக அதன் குரல் கேட்காமல் போனதற்கும் அதுவே காரணம். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சிறுமியை மட்டும் கையில் தட்டோடு உட்கார வைத்தபோது, வெகு நேரம் கழித்து மெதுவாக வந்தது. இதை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கண்டுபிடிக்கப்பட்டவற்றில் முக்கால் பங்கு வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. ஊர் முழுக்கத் தேடுவதற்கு முன் பக்கத்துப் பூட்டிய வீடுகளின் கதவருகே இரவில் நின்று காது கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரல் கெட்டுப் போகும் ஆபத்து உண்டு. ஆகவே தண்ணீரும் சிறிது சிறிதாகத் தீனியும் கொடுத்து, சோர்வு தீராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டம், வளர்ப்பவர் தீனியும் தண்ணீரும் கொடுக்கத் தவறுவதைக் குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கு அது எழுதி வைத்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! ஹதீஸ் சொன்ன தண்டனையையும் இதையும் நிறுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2020 ஏப்ரலில் ஊரடங்கு வேளையில், தன் மூன்று பூனைகளுக்குத் தீனி வாங்கப் போக அனுமதி மறுக்கப்பட்ட ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். நீதிமன்றம் இந்தச் சட்டத்தை எடுத்துக்காட்டி, அவர் சென்று வர அனுமதித்தது. நாடே கதவடைத்துக் கிடந்த நாளில் மூன்று பூனைகளின் வயிற்றுக்காக ஒரு கதவு திறந்தது.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் முதலில் விசாரித்த வரலாறும் நாம் அறிந்ததே. அண்டை வீட்டார் விஷயத்தில் ஜிப்ரீல் (அலை) தமக்குத் தொடர்ந்து உபதேசித்து வந்ததாகப் பெருமானார் (ஸல்) கூறியதை அவர்கள் அங்கே நினைவூட்டினார்கள். அண்டை வீட்டார் என்றால் இன்ன மதம் என்று அவர்கள் பிரிக்கவில்லை.

இனி மீதியிருக்கும் ஒரு மஸ்அலா. பூனை உள்ளே தவித்த நாட்களில் ஊறுகாய் ஜாடி ஒன்றைத் தள்ளி உடைத்துவிட்டது. அதற்கு யார் பொறுப்பு? இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கு விடை இருக்கிறது. பிறர் பறவையையோ உணவையோ நாசப்படுத்துவது அந்தப் பூனையின் வழக்கம் என்று முன்பே தெரிந்திருந்தால், இரவானாலும் பகலானாலும் வளர்ப்பவர் ஈடு கொடுக்க வேண்டும். அப்படி வழக்கமில்லாத பூனையென்றால் அவர் மேல் பொறுப்பில்லை என்பதே வலுவான கருத்து. இந்தப் பூனை அப்படிப்பட்டதன்று என்று தெருவே சாட்சி சொன்னது. எனவே ஜாடி அவர் மேல் கடமையில்லை. உடைத்த பூட்டு மட்டும் கடமை. அது நாம் அறிந்தே உடைத்தது. தையற்காரர் அன்றே கடைத்தெருவுக்குப் போய்ப் பழைய பூட்டின் கனத்திலேயே புதிய பூட்டொன்று வாங்கி, சாவிகள் அனைத்தையும் அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்து, "இது உங்களிடமே இருக்கட்டும், அடுத்த தடவை உடைக்க வேண்டாம்" என்றார்.