கோடரிக்கு முன் விவேகம்

கங்கை கடலோடு கலக்கும் சுந்தரவனக் காடுகளில் 'கேவா' என்றொரு மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தன் பெயரைத் தந்த தில்லை மரமே அது. பார்வைக்குச் சாதுவான மரம். ஆனால் இலையைக் கிள்ளினாலே வெண்பால் கசியும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். கண்ணில் பட்டால் பார்வையே மறையக்கூடும். அதை எரித்தால் எழும் புகையும் கண்ணைக் கரிக்கும்.

'விறகு வேண்டும்' என்ற ஒரே எண்ணத்துடன் காட்டில் நுழைபவனுக்கு எல்லா மரங்களும் விறகாகவே தோன்றுகின்றன. கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சுவது ஒரு மயக்கம். நச்சுப்பாலுடைய மரத்தை வெறும் விறகென்று கண்டு அஞ்சாதிருப்பது மற்றொரு மயக்கம். முன்னதில் அச்சம் உண்மையை மறைக்கிறது. பின்னதில் ஆசை மறைக்கிறது. பாராமல் வெட்டியவன் இறுதியில் பார்வையையே இழக்கிறான்.

அப்படியானால் அந்த மரம் தீயதா? இல்லை. கரையோரச் சேற்றை வேர்களால் பற்றிக் காப்பதும் அதுவே. தில்லையில் தலமரமாக வணங்கப்படுவதும் அதுவே. குறை மரத்தில் இல்லை, நம் அவசரத்தில் இருக்கிறது.

அன்பர்களே, மனிதர்களிடமும் நாம் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். ஒருவர் யார் என்று அறியும் முன்பே அவரால் நமக்கு என்ன பயன் என்று கணக்கிடுகிறோம். பயனில்லை என்றால் சொல்லால் வெட்டுகிறோம். கையை ஓங்கும் முன், 'என் தேவை என் கண்ணை மறைக்கிறதா?' என்று கேட்டுக்கொள்வோம். விடை தெரியாவிட்டால் அறிந்தவரை நாடுவோம். அதுவரை கோடரி கீழேயே இருக்கட்டும்.