இடங்கழி நாயனாரும் தலைமைக் கடனும்



புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரை மூவர் கோயிலால் அறிவார் பலர். பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த அக்கற்றளிகள் மூன்றனுள் இன்று நிற்பன இரண்டே. அவற்றின் சிற்பங் கண்டு மீள்வார்க்கு, அறுபத்துமூவருள் ஒருவராகிய இடங்கழி நாயனார் கோனாட்டையாண்ட தலைநகர் அவ்வூரே என்பது நினைவிற்கு வருதல் அரிது. ஐப்பசிக் கார்த்திகையில் அவர் குருபூசை நிகழுமிடங்களிலும் அவர் வரலாறு கொடைச் சிறப்பாகவே பேசப்படுகின்றது. அஃது ஒருபுடை உண்மையே. அரசரொருவர் தம் கடனுக்குத் தாமே விடை கூறிய வரலாறாக அதனைக் கோடலே சிறப்பென்பது எம் துணிபு.

சேக்கிழார் பெருமான் கூறுமாறு: அடியார்க்கு அமுதளித்தலை நியமமாகக் கொண்ட தொண்டர் ஒருவர், நெல் எங்கும் கிடையாமையால் மனமழிந்து, இரவில் அரசரது நெற்பண்டாரத்துட் புகுந்து முகந்தனர். காவலர் பற்றி வேந்தர்முன் நிறுத்தினர். வேந்தர் வினவினர், தொண்டர் தம் நிலை கூறினர். கேட்டு இரங்கிய நாயனார், அத்தொண்டரே தமக்குப் பண்டாரமெனக் கருதி விடுத்து, நெல்லேயன்றி நிதியையும் அடியார் கொள்க எனப் பறையறைவித்தனர்.

காவலர் தம் தொழிலைச் செவ்வனே செய்தனர். தொண்டரும் தாம் செய்ததை மறைத்தாரல்லர். நிறைந்த பண்டாரம் ஊரில் இருப்ப, அடியாரை ஊட்டுவாரொருவர் இருளிற் புகும் நிலை நேர்ந்தது யாரால்? திறவுகோல் எவர் ஆணைவழியதோ அவரால்.

அற்றேல், ஒருவர் வினையைப் பிறரொருவர் நுகரார் என்பது சித்தாந்தமாகலின், தொண்டர் களவிற்கு அரசர் பொறுப்பாதல் யாங்ஙனமெனின், நன்று கடாயினீர். தொண்டர்வினை அரசர்பாற் சென்றதன்று. செய்தலேயன்றிச் செய்யற்பாலதனைச் செய்யாதொழிதலும் வினையாம். பசித்தாரிருப்பப் பண்டாரம் பூட்டியிருந்தது அரசர் மறவியாயின், அஃது அவர்க்கே உரிய வினை. 'ஏவலர் பிழை' என்னும் விடை மனிதர் அவையிற் செல்லினும், வினையை ஊட்டும் இறைவன் திருமுன்பு செல்லாது.

பறையறைவித்தமையே பெரிதும் உன்னற்பாலது. தொண்டரை மறைவில் விடுத்திருப்பின் அஃது இரக்க மாத்திரையாய் ஒழியும்; மறுநாள் வேறொருவர் அகப்படுவர். பறையோ அரசர் தம்மேல் தாமே இட்டுக்கொண்ட ஆணை. அதன்பின் பண்டாரம் பூட்டப்படின், ஏன் என்று வினவ ஊரார் அனைவர்க்கும் உரிமை உண்டாயிற்று.

இம்மாவட்டத்து ஆவுடையார்கோயிலாகிய திருப்பெருந்துறை வேறொரு நிலையைக் காட்டும். ஆண்டு வாதவூரடிகள் செலவிட்டது, பாண்டியன் குதிரை கொள்ளத் தந்த பொருள். இடங்கழியார் ஈந்தது தம் பண்டாரம். அடிகள் ஈந்தது தம் தலைவன் பண்டாரம். ஆகலின் வைகை மணலில் வெயிலில் நிற்கும் ஒறுப்பு அவர்மேல் வந்தது. அவர் அப்பழியைப் பிறர்மேற் சார்த்தியதாகப் புராணம் கூறிற்றில்லை. பக்தியின் பெருமையைப் பேசுவார் இப்பகுதியை விரைந்து கடத்தல் நன்றன்று.

இந்நாளில் திருக்கோயில்களிலும் மடங்களிலும் அமுதுபடி குறையின் மடைப்பள்ளியாரைக் கடிந்தும், கணக்குப் பிழைப்பின் கணக்கரை நீக்கியும் தலைவர் அமைதியுறுதல் உண்டு. பிழைத்தார் நீக்கற்பாலரே. அக்கணக்கைப் பல்லாண்டு பாராதிருந்தார் யார் என்பது பின்னும் எஞ்சும். ஐப்பசிக் கார்த்திகையன்று, மாகேசுர பூசைக்குமுன், அவ்வாண்டின் நெல்வரவும் செலவும் தலைவரே அடியார் கூட்டத்தில் எழுந்து வாசிப்பாராக. கணக்கரை வாசிக்க விடுதல் வேண்டா.