சலாசாரின் பந்து

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் ஊரை ஒரு சர்வாதிகாரி ஆள்கிறான். எதிர்த்துப் பேசினால் ஜெயில். அவன் சம்மதித்ததுதான் பேப்பரில் அச்சாகும். அப்பேர்ப்பட்டவன் திடீரென்று உங்கள் ஊரில் ஃபுட்பால் லீக் நடத்துகிறான். கோப்பை உண்டு, ரெஃப்ரி உண்டு, பளபளவென்று பனியன் உண்டு. உங்கள் பையன் நன்றாகப் பந்து ஆடுவான். அனுப்புவீர்களா, மாட்டீர்களா?

'அதெப்படி ஸார் அனுப்பறது?' என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களும் இருப்பீர்கள். 'பந்து என்னங்க பாவம் பண்ணுச்சு?' என்கிறவர்களும் இருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். இது கற்பனைக் கேள்வி இல்லை. நம்ம தேசத்துக்குள்ளேயே, கோவாவில் நடந்த கதை.

கோவா என்றதும் நமக்கு ஞாபகம் வருகிற சமாசாரங்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். 1510-ல் போர்ச்சுகீசியர் பிடித்த ஊர் அது. 1947 ஆகஸ்டில் டெல்லியில் கொடி ஏறியபோது அங்கே ஏறவில்லை. 1961 டிசம்பர் 19 வரைக்கும் அது போர்ச்சுகல்தான். போர்ச்சுகலை அப்போது ஆண்டவர் அன்டோனியோ சலாசார். 1932-ல் பிரதமராக உட்கார்ந்தவர், உடம்பு முடியாமல் 1968-ல்தான் எழுந்தார். அடிப்படையில் பொருளாதாரப் பேராசிரியர். நிதி மந்திரியாக வந்து, ஓட்டையாகக் கிடந்த பட்ஜெட்டைச் சரிக்கட்டிப் பேர் வாங்கியவர். (காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு சின்ன வருத்தம். கணக்கை ஒழுங்காக எழுதுகிறவன் மனுஷனாகவும் ஒழுங்காக இருப்பான் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சலாசார் அந்தப் பாடத்தில் மண்ணைப் போட்டுவிட்டார்.)

கட்சி ஒன்றே ஒன்று. தணிக்கை. பிடே என்று ஒரு ரகசியப் போலீஸ். சலாசார் நாட்டைக் கட்டி வைத்திருப்பது மூன்று சங்கதிகளால்தான் என்று போர்ச்சுகல்காரர்களே கிண்டலாகச் சொல்வார்கள்: ஃபாடோ என்கிற சோகப் பாட்டு, ஃபுட்பால், ஃபாத்திமா மாதா கோயில்.

இந்த ஃபுட்பாலை கோவாவுக்குக் கொண்டுவந்தது சலாசார் இல்லை. 1883-ல் சியோலிம் என்ற கிராமத்துக்கு வந்த ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் கொண்டுவந்தார் என்கிறார்கள். அப்புறம் அது கோயில் கோயிலாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியது. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் அதுதான் மைதானம். இந்த ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ஏற்கெனவே இருந்த வீம்பெல்லாம் பந்தில் ஏறிக்கொண்டது. நம் பக்கம் கபடியில் ஏறிக்கொண்ட மாதிரி.

அரசாங்கத்துக்கு இந்தப் பந்தின்மேல் திடீர்ப் பாசம் வந்தது 1950-களில். காரணம் சுலபம். பக்கத்தில் இந்தியா சுதந்திரமடைந்து, 'எங்கள் மண்ணைக் கொடு' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. சலாசார் என்ன செய்தார்? 1951-ல் சட்டத்தைத் திருத்தி, 'காலனி' என்ற வார்த்தையைத் தூக்கிவிட்டு, 'கடல் கடந்த மாகாணம்' என்று போட்டார். எங்களிடம் காலனியே கிடையாது, இது போர்ச்சுகலின் ஒரு ஜில்லா, அவ்வளவுதான் என்று உலகத்துக்குச் சொன்னார். போர்டை மாற்றியாயிற்று. உள்ளே இருக்கிறவர்களும் போர்ச்சுகீசியர்கள் என்று காட்டவேண்டுமே! அதற்குத்தான் பந்து. அதே 1951-ல் லீக் முறைப்படி ஆரம்பமானது. விளையாட்டுக்கென்று அரசாங்கக் கவுன்சில் வந்தது. லிஸ்பனிலிருந்தும், இன்னொரு காலனியான மொசாம்பிக்கிலிருந்தும் அணிகளை வரவழைத்து ஆடவிட்டார்கள். கிளப்புகளும் கிளம்பின. வாஸ்கோ கிளப் 1951-ல். சல்காவ்கர் 1956-ல். இது இரும்புத்தாதுச் சுரங்க முதலாளியின் அணி. இந்தியா அப்போது கோவாவுக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்தது. தாது கப்பல் கப்பலாக ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அதே வருஷங்களின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள்.

1955 ஆகஸ்ட் 15. ஆயுதமில்லாமல் கோவா எல்லைக்குள் நடந்துபோன சத்தியாகிரகிகளைப் போர்ச்சுகீசியப் போலீஸ் சுட்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே வருஷம் மோகன் ரானடே பிடிபட்டார். மராத்தி வாத்தியாராக கோவாவுக்குள் போனவர், ஆயுதப் போராட்டத்தில் சேர்ந்தார். 26 வருஷத் தண்டனை. போர்ச்சுகலுக்கே கொண்டுபோய் அடைத்தார்கள். பல வருஷம் தனிமைச் சிறை. 1961-ல் கோவா விடுதலையாகிவிட்டது. ரானடே ஆகவில்லை! யாருக்காக ஜெயிலுக்குப் போனாரோ அவர்கள் எல்லோரும் சுதந்திரக் காற்று வாங்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் இன்னும் ஏழு வருஷம் லிஸ்பன் பக்கத்தில் கம்பி எண்ணினார். 1966 உலகக் கோப்பையில் யூசேபியோ 9 கோல் போட்டு, போர்ச்சுகலை மூன்றாமிடத்துக்குக் கொண்டுபோனபோதும் உள்ளேதான்.

1968-ல் வாடிகன் போன நம் முதலமைச்சர் அண்ணா, போப்பாண்டவரைச் சந்தித்தபோது ரானடேயை விடுவிக்க உதவுங்கள் என்று கேட்டார் என்பதை தி.மு.க. மேடைகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1969 ஜனவரியில் ரானடே வெளியே வந்தார். பிப்ரவரி 3-ம் தேதி அண்ணா போய்விட்டார்.

சிவகிரியில் ஒரு டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன் பட்டென்று கேட்டான்: "அப்ப ஒருத்தன் ஜெயில்ல கெடக்கான், இன்னொருத்தன் கோல் போட்டுக்கிட்டு இருக்கான். ரெண்டு பேர்ல யாருண்ணே முட்டாள்?"

பக்கத்தில் இருந்த பெரியவர் அவனை அடக்கினார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாமெல்லாம் மனசுக்குள் கேட்டுக்கொள்வதை அவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டான்.

முதலில் பந்து ஆடினவன் பக்கம் நின்று பார்ப்போம். அவனுக்கு வயது இருபது. பிறந்ததிலிருந்து வேறு ஆட்சியைப் பார்த்ததில்லை. அவன் அப்பாவும் பார்த்ததில்லை, தாத்தாவும் பார்த்ததில்லை. பந்து அவன் ஊர்க்கோயில் மைதானத்தில் சலாசாருக்கு முன்னாலேயே உருண்டுகொண்டிருந்தது. நேற்று வந்த அரசாங்கம் அதன்மேல் முத்திரை குத்தினால் அவன் ஆட்டத்தை நிறுத்தவேண்டுமா? கால்பந்து வீரனின் கால் பத்து வருஷம் ஆடும். 'சர்வாதிகாரம் முடிந்ததும் வா' என்றால், முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவனிடம் யார் போய்த் தேதி கேட்பது?

சலாசாரின் கணக்கு பலித்ததா என்றும் பாருங்கள். பந்து ஆடவிட்டால் போர்ச்சுகீசியனாகிவிடுவான் என்று நினைத்தார். கோவா பூர்விகம் கொண்ட நெவில் டிசௌஸா 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். போட்டது இந்தியாவுக்கு! பம்பாயில் பிழைக்கப்போன கோவாக்காரர்கள் அங்கே அணி அணியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் உள்ளே போனது. 'ஜெயி, இல்லாவிட்டால் செத்துப் போ' என்று சலாசார் தன் கவர்னருக்கு உத்தரவு போட்டிருந்தார். கவர்னர் வஸ்ஸாலோ எ சில்வா இரண்டையும் செய்யாமல், 3,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்களோடு சரணடைந்தார். (அந்த மனிதரைப்பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) கொடி இறங்கியது. பந்து இறங்கவில்லை. 1983-84-ல் சந்தோஷ் டிராபியைத் தனியாக ஜெயித்தது கோவா. 2007-08 தொடங்கி 2012-13 வரை ஐ-லீக் கோப்பை ஆறு வருஷமும் கோவா கிளப்புகளுக்கே போனது. டெம்போ, சர்ச்சில், சல்காவ்கர், மாற்றி மாற்றி. அந்த மாநிலத்தின் மொத்த ஜனத்தொகை 2011-ல் பதினைந்து லட்சத்தைத் தொடவில்லை என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

இங்கேதான் ஒரு வழுக்கல் இருக்கிறது. 'பார்த்தீங்களா, சலாசார் இருந்ததால்தானே கோவாவுக்கு ஃபுட்பால்' என்று அடுத்த வரியை எழுதிவிடத் தோன்றும். எமர்ஜென்ஸியைப்பற்றிப் பேச்சு வந்தால் 'ரயிலெல்லாம் கரெக்ட் டயத்துக்கு ஓடுச்சு ஸார்' என்று ஒருவர் சொல்வாரே, அதே வழுக்கல். மிசாவில் உள்ளே போனவர்களின் வீட்டு வாசலில் நின்று ரயில் டைம் சொல்லிப் பார்க்கவேண்டும்.

பி.காம். முதல் வருஷத்தில் படித்தது எனக்கு இங்கே உதவுகிறது. முருகனிடமிருந்து நமக்கு ஆயிரம் ரூபாய் வரவேண்டும். கந்தனுக்கு நாம் ஆயிரம் கொடுக்கவேண்டும். இரண்டையும் கழித்துப் பூஜ்யம் என்று காட்டினால் ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். வேறு வேறு ஆள், வேறு வேறு கணக்கு. கோவாப் பையன்களின் கோல் அவர்கள் கால் சம்பாதித்தது, அது ஒரு வரவு. ரானடேயின் இருட்டறை ஒரு கடன், சலாசார் பேரில் நிற்கிறது. இதைக் காட்டி அதைக் கழிக்க முடியாது. அதைக் காட்டி இதை ஒன்றுமில்லாமல் ஆக்கவும் முடியாது. அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவன் முழுசாகத் திருப்தியடையவில்லை.

அடையவும் கூடாது. ஏனென்றால் 1978 அர்ஜென்டினா இருக்கிறது. ராணுவ ஆட்சி உலகக் கோப்பையை நடத்துகிறது. புவெனஸ் அயர்ஸில் இறுதிப்போட்டி நடந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே கடற்படைப் பயிற்சிப் பள்ளி. ஆட்களைக் கடத்திக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்த இடம் அது. மைதானத்தின் இரைச்சல் கைதிகளுக்குக் கேட்டது. அதில் உயிர் பிழைத்தவர்கள் பின்னால் சொன்னதில் என்னைத் தூங்கவிடாதது எது தெரியுமா? அர்ஜென்டினா ஜெயித்ததில் கைதிகளிலேயே சிலருக்கு சந்தோஷமாக இருந்தது என்பதுதான். அடித்தவனுக்கும் அடி வாங்கினவனுக்கும் ஒரே கோலில் ஒரே ஆனந்தம். இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? எந்தத் தலைப்பும் பொருந்தவில்லை.

அந்தச் சந்தோஷத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கோப்பையைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சந்தோஷம் தனக்குத்தான் என்று நின்றானே ஜெனரல் விடேலா, அவனைச் சொல்லலாம். அவனுக்காக மைக் பிடித்து, 'நாடே மகிழ்ச்சியில் இருக்கிறது' என்றவர்களையும் சொல்லலாம். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அதில் நிறைய உண்டு.

ஆடவும் செய்து, தலைகுனியாமலும் இருக்க முடியுமா? போர்ச்சுகலிலேயே செய்து காட்டினார்கள். 1969 ஜூன் 22. லிஸ்பனில் போர்ச்சுகல் கோப்பை இறுதியாட்டம். பென்பிகாவுக்கு எதிரே கோயிம்பிரா பல்கலைக்கழகத்தின் அகாதெமிகா அணி. மாணவர் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். சலாசார் படுத்துவிட்டார், ஆனால் அவர் ஆட்சி படுக்கவில்லை. மாணவர்கள் கேலரியில் பேனர்களைத் தூக்கினார்கள். ஜனாதிபதி வரவில்லை. டி.வி.யில் ஆட்டத்தைக் காட்டவில்லை. அகாதெமிகா 2-1 என்று தோற்றது. ஒரு ஃபுட்பால் மேட்சைப் பார்த்து அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டது என்றால், ஆடினவர்கள் வேறெதையோ ஜெயித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கோயிம்பிரா, சலாசார் பாடம் நடத்திய அதே பல்கலைக்கழகம்.

'இதெல்லாம் பெரிய பெரிய தேசத்துக் கதை, நமக்கென்ன' என்று பக்கத்தைத் திருப்பப் போகிறீர்களா? கொஞ்சம் இருங்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடக்கும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை. பரிசு உபயம் யார் என்று ஃப்ளெக்ஸ் போர்டைப் பாருங்கள். சில ஊர்களில் கந்துவட்டிக்காரர் சிரித்துக்கொண்டிருப்பார். அதிக வட்டிக்குத் தடைச் சட்டம் வந்தது 2003-ல். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பம், குழந்தைகளோடு, எரிந்துபோனது. கந்துவட்டிதான் காரணம். அதற்குப் பிறகும் ஃப்ளெக்ஸ் போர்டில் சிரிப்பு குறையவில்லை.

அவர் கொடுக்கும் கோப்பைக்கு ஆடலாமா? ஆடாவிட்டால் அந்தப் பையன்களுக்கு வருஷத்தில் இருக்கிற ஒரே போட்டியும் போச்சு. போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற நினைப்பில் விடிகாலையில் ஓடுகிற பையன்கள் அவர்கள். ஆடுங்கப்பா என்றுதான் நான் சொல்வேன்.

ஒரு வருஷம் பார்த்தேன். ஜெயித்த அணி மேடைக்குப் போனது. உபயதாரருக்குப் பொன்னாடை போர்த்த ஒரு பையனைக் கூப்பிட்டார்கள். அவன் வீட்டில் அவருக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. அவன் மேடையின் ஓரத்திலேயே நின்றுகொண்டு, கையில் கட்டியிருந்த கட்டைப் பிரித்துப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். மைக்கில் இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிமிரவே இல்லை. கடைசியில் விழாக்குழு ஆள் ஒருவரே பொன்னாடையை வாங்கிப் போர்த்தினார். கோப்பையை மட்டும் பையன் வந்து வாங்கிக்கொண்டான், இரண்டு கையாலும்.

அந்தப் பையனை நீங்கள் கோழை என்பீர்களா, வீரன் என்பீர்களா? எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதமும் அந்த வீட்டில் வட்டி கட்டினார்கள் என்பதையும் மனசில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.